சாதாவா... ஸ்பெஷலா?

ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் "சாதாவா, ஸ்பெஷலா?" என்று கேட்பார்கள். ஸ்பெஷல் என்றால் முந்திரி நாலு கூட விழும். நெய் கொஞ்சம் தூக்கலாக மணக்கும். கூடுதலாகக் கொடுத்த காசு கண்ணுக்கும் தெரியும், நாக்குக்கும் தெரியும்.

பெட்ரோல் பங்க்கிலும் இப்போது இதே கேள்விதான். ஆனால் இங்கே முந்திரியைத் தேடிப் பார்க்க வழியில்லை. குழாயிலிருந்து நேரே டாங்க். மூடியைத் திருகினால் விவகாரம் முடிந்தது.

கேட்கிற நேரமும் அப்படி! பின்னால் நாலு பேர் ஹாரன் அடிக்கிறார்கள். பக்கத்து ஸீட்டில் மனைவியோ, ஆபீஸ் சிநேகிதரோ உட்கார்ந்திருக்கிறார். "சாதா போதும்ப்பா" என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஏதோ ஒரு கூச்சம். பெண் பார்க்கப் போன வீட்டில் இன்னொரு பஜ்ஜி கேட்கிற மாதிரி! தலை தானாக ஆடிவிடுகிறது. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் போயே போச்சு.

இந்த ஏழெட்டு ரூபாய்க்கு ஒரு சின்ன கார் என்ன பதில் மரியாதை செய்கிறது என்பதுதான் இந்த வாரம் நம் விசாரணை. பெரிய கார், டர்போ கார் வைத்திருக்கிற கனவான்கள் அடுத்த பக்கத்து ஜோக்கைப் படித்துவிட்டு வரலாம். உங்கள் கதை வேறு.

என் அக்கா வீட்டுக்காரருக்கு வீடு பெரம்பலூரில். வேலை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் அக்கவுன்ட்ஸ் பிரிவில். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனிக்குடித்தனம் போயிற்று. 2002-ல் பெட்டி படுக்கையுடன் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது. 2007-ல் மறுபடி தனி மாவட்டம். இத்தனை சேர்தல், பிரிதலிலும் மாமாவின் வீடும் வேலையும் மட்டும் ஒரே ஊருக்கு வந்து சேரவில்லை. போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது.

அரியலூருக்கு ரயில் உண்டு. பெரம்பலூருக்குக் கிடையாது. பஸ்ஸில் பல வருஷம் தொங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் செகண்ட்ஹேண்டில் ஓர் ஆல்டோ 800 வாங்கினார். மூன்றே மூன்று சிலிண்டர், 796 ஸிஸி. 1983 டிசம்பரில் வந்து இந்தியக் குடும்பங்களையெல்லாம் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றியதே மாருதி 800, அதற்கும் இதே 796தான்.

அந்தக் காருக்கு மாமா ஸ்பெஷலைத் தவிர வேறு எதையும் ஊற்ற மாட்டார். தனக்குக் கடையில் சாதா தோசை. காருக்கு ஸ்பெஷல்!

"எதுக்கு மாமா?" என்றேன்.

"ஆக்டேன் ஜாஸ்தி மாப்ள. 95! வண்டி பறக்கும். நீ பி.காம்., உனக்கு இதெல்லாம் புரியாது."

அவரும் பி.காம்.தான் என்பதை அக்காவின் மரியாதை கருதி நான் ஞாபகப்படுத்தவில்லை.

★

ஆக்டேன் என்றால் சக்தி என்றுதான் பத்தில் ஒன்பது பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மார்க் ஷீட்டைப் பார்த்தே வளர்ந்த ஜனங்கள் நாம். 91 வாங்கினவனை விட 95 வாங்கினவன் கெட்டிக்காரன் என்றுதானே தோன்றும்?

ஆனால் ஆக்டேன் எண் அந்த மாதிரி மார்க் இல்லை. அது பொறுமைக்குக் கொடுக்கிற மார்க்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை மனசில் நிறுத்திக்கொள்ளுங்கள். படிக்கட்டு வரை கூட்டம். கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ" என்று இன்னும் பத்துப் பேரை அமுக்குகிறார். ஆளை ஆள் நசுக்குகிறது, உள்ளே சூடு ஏறுகிறது. இந்த நிலையில் கண்டக்டர் விசில் ஊதினால் பஸ் கிளம்ப வேண்டும். அதுதான் முறை. ஆனால் விசிலுக்கு முன்னாலேயே, கூட்டத்தில் ஒருத்தர் நசுக்கல் பொறுக்காமல் "யோவ், யார்யா காலை மிதிச்சது!" என்று வெடித்துவிட்டால்? பஸ் கிளம்பாது. கலாட்டாதான் கிளம்பும்.

இன்ஜினுக்குள் நடப்பதும் இதேதான். காற்றையும் பெட்ரோல் ஆவியையும் சிலிண்டருக்குள் அடைத்து, பிஸ்டன் அமுக்குகிறது. சின்ன கார்களில் பெரும்பாலும் ஒன்பது முதல் பதினோரு மடங்கு வரை அமுக்கல். சரியான நேரத்தில் பிளக் ஒரு பொறி விடும். அதுதான் கண்டக்டர் விசில். அந்தப் பொறியிலிருந்து தீ வரிசையாகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். வரிசை தப்பி, ஒரு மூலையில் இருக்கிற கலவை சூட்டிலும் அமுக்கலிலும் தானாகவே பற்றிக்கொண்டால் இன்ஜின் 'டக் டக்'கென்று இடிக்கும். மெக்கானிக் பாஷையில் 'நாக் அடிக்குது'. சரவெடியை வரிசையாக வெடிப்பதற்கும், மொத்தக் கட்டையும் ஒரே சமயத்தில் கொளுத்துவதற்கும் உள்ள வித்தியாசம். இது நீடித்தால் பிஸ்டனுக்கு ஆபத்து.

இந்த நசுக்கலை எந்தப் பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்பதற்குத்தான் ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்ற ரசாயனம் பரம சாது, அதற்கு 100. ஹெப்டேன் என்று இன்னொன்று, தொட்டால் சிணுங்கி, அதற்குப் பூஜ்யம். 91 பங்கு சாதுவும் 9 பங்கு சிணுங்கியும் சேர்ந்த கலவை சோதனை இன்ஜினில் எவ்வளவு தாங்குமோ, அந்த அளவு தாங்குகிற பெட்ரோலுக்கு 91 என்று நம்பர் போடுகிறார்கள். (அமெரிக்காவிலிருந்து வருகிற உறவுக்காரர் "எங்க ஊர்ல 87 போட்டே ஓட்டுறோம்" என்றால் அசந்துவிடாதீர்கள். அவர்கள் அளக்கிற முறை வேறு. அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91தான்.)

இப்போது சொல்லுங்கள். பொறுமைசாலி ஆள், முன்கோபியை விட வேகமாக ஓடுவாரா? அதிகம் மூட்டை தூக்குவாரா? கூட்டமே இல்லாத பஸ்ஸில் ஜன்னலோர ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பொறுமை எதற்கு? 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினில் 95-ஐயோ 100-ஐயோ ஊற்றுவது இதே கதைதான். அந்தப் பெட்ரோலின் பொறுமையைச் சோதிக்கிற அளவுக்கு அங்கே நசுக்கலே கிடையாது.

★

"அப்ப ஆக்டேன்ங்கறதே ஏமாத்து வேலையா?" என்று கேட்கத் தோன்றும். இல்லவே இல்லை.

1940-ல் பிரிட்டன் மீது ஜெர்மன் விமானங்கள் பறந்து வந்தபோது, பிரிட்டிஷ் போர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தது. அந்த இன்ஜின்களில் காற்றைப் பலவந்தமாக அழுத்தி உள்ளே தள்ளும் ஏற்பாடு உண்டு. பெட்ரோல் பொறுமைசாலியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் காற்றைத் தள்ள முடிந்தது. இன்னும் சக்தி கிடைத்தது. சக்தியைக் கொடுத்தது பெட்ரோல் இல்லை, இன்ஜின். பெட்ரோல் அதைத் தாங்கிக்கொண்டது. இன்றைய டர்போ கார்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் இதே நியாயம்தான்.

இந்தப் பொறுமையை மலிவாக வாங்க ஒரு காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. நாக் நின்றது. ஆனால் புகையோடு ஈயம் வெளியே வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் கை வைத்தது. இந்தியாவில் 2000-வது வருஷம்தான் நாடு முழுக்க ஈயத்தை நிறுத்தினோம். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஆக, ஆக்டேன் எண்ணுக்காக மனுஷன் பெரிய விலையெல்லாம் கொடுத்திருக்கிறான். மாமா கொடுக்கிற எட்டு ரூபாய் ஒன்றும் புதிது இல்லை.

சாமானியக் கார்களைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 'ட்ரிபிள் ஏ' என்று கார்க்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. 2016-ல், சாதா பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த கார்களில் இரண்டு பெட்ரோலையும் மாற்றி மாற்றி ஊற்றி லேபில் ஓட்டிப் பார்த்தது. சக்தி, மைலேஜ், புகை மூன்றிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு லாபமும் இல்லை. அங்கே ஒரு வருஷத்தில் 1 கோடியே 65 லட்சம் பேர் தேவையே இல்லாமல் ஸ்பெஷல் போட்டு 210 கோடி டாலரை வீணாக்கியிருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது. மறு வருஷம், 'ஸ்பெஷல் போட்டால் நல்லது' என்று கம்பெனியே சிபாரிசு செய்கிற கார்களைச் சோதித்தபோது சராசரியாக 2.7 சதவிகிதம் மைலேஜ் கூடியது. அதாவது, வண்டி கேட்டால்தான் பலன். அதுவும் இவ்வளவுதான்.

ஸ்பெஷல் வகைகளில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் ரசாயனங்களும் கலக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுக்கு படியாமல் இருக்க அது கொஞ்சம் உதவலாம். ஆனால் அது ஆக்டேன் செய்கிற வேலை இல்லை. மாமா சொல்கிற 'பறக்கும்' சமாசாரமும் இல்லை.

★

இனி பி.காமின் முறை. கல்லூரியில் 'பிரேக் ஈவன் பாயின்ட்' என்று ஒன்றை மூன்று வருஷமும் விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். போட்ட காசு எந்த இடத்தில் திரும்பி வரும் என்கிற கணக்கு. அது வாழ்க்கையில் எனக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

சாதா லிட்டர் 101 ரூபாய், ஸ்பெஷல் 109 என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) வித்தியாசம் எட்டு சதவிகிதத்துக்கு ஒட்டி வருகிறது. அப்படியானால் மைலேஜும் எட்டு சதவிகிதம் கூடினால்தான் கணக்கு நேராகும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 21.6 கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால்தான் லாபம்.

மாமா மாதம் 25 நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 1,500 கிலோமீட்டர். 75 லிட்டர். எட்டு ரூபாய் வீதம் மாதம் 600. வருஷம் 7,200.

"7,200-ஆ?" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். வரித்துறை ரெய்டுக்கு வழிகாட்டின சொந்தக்காரனைப் பார்க்கிற பார்வை.

"கணக்கு கிணக்கெல்லாம் வேணாம் மாப்ள. ஓட்டுறவனுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லுவேன், எது சாதா எது ஸ்பெஷல்னு."

"கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்ட வேணாம் மாமா. லைசென்ஸ் போயிடும். நான் நிரப்பிட்டு வர்றேன், எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். ஒப்புக்கொண்டார்.

ஆறு டாங்க். மூன்று சாதா, மூன்று ஸ்பெஷல், வரிசை கலைத்து. ஒரே பங்க், ஒரே குழாய் வரிசை, முதல் 'க்ளிக்' சத்தத்தோடு நிறுத்தம். கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் எழுதியவன் நான். ஒவ்வொரு டாங்க்குக்கும் மாமாவின் தீர்ப்பை எழுதியவள் அக்கா, சாட்சிக் கையெழுத்துடன். கிட்டத்தட்ட இரண்டு மாதம் நடந்தது.

சாதா: 19.6, 20.3, 19.9. ஸ்பெஷல்: 20.1, 19.7, 20.2. சராசரியில் வித்தியாசம் லிட்டருக்கு நூறு மீட்டர் கூட இல்லை. வர வேண்டியது ஆயிரத்து அறுநூறு மீட்டர்! ஒரு நாள் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இதைவிட அதிக வித்தியாசம் வரும்.

மாமாவின் தீர்ப்புகள்? ஆறில் மூன்று சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க்தான். அதிலும் நாலாவது டாங்க்கின் போது, "பாத்தியா மாப்ள பிக்கப்பை! கியரே மாத்த வேணாம் போல இருக்கு" என்று மேம்பாலம் ஏறும்போது சிலாகித்தாரே, அன்றைக்கு டாங்க்கில் இருந்தது சுத்த சாதா.

ஒரு வண்டியை இரண்டு மாதம் ஓட்டிப் பார்ப்பது விஞ்ஞானம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் லேபில் சொன்னதும் எங்கள் நோட்டில் சொன்னதும் ஒன்றாக இருந்தது.

★

நோட்டை நீட்டினேன். மாமா பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "வா, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று வெளியே அழைத்துப் போனார்.

"பிக்கப்புக்காகவா போடுறேன்னு நெனச்சே?" என்றார் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "போன வருஷம் எங்கப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டு மணி. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மனசு கேக்கல. பின் ஸீட்டுல படுக்க வெச்சுக்கிட்டு உங்கக்காவும் நானும் திருச்சிக்குக் கிளம்பிட்டோம். பாடாலூர் தாண்டற வரைக்கும் ஒரே வேண்டுதல்தான். வண்டி நிக்கக் கூடாது, வண்டி நிக்கக் கூடாதுன்னு. நிக்கல மாப்ள. நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேத்துட்டேன்."

"சரி..."

"அன்னிக்கு சாயந்திரம்தான் பங்க்குல சாதா தீந்துபோச்சுன்னு மொத தடவையா ஸ்பெஷல் போட்டிருந்தேன்."

அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு பெட்ரோல் கிடையாது. பெரியவருக்கு ஸ்டென்ட் வைத்து, மாதம் ஒருமுறை திருச்சிக்குக் காட்டக் கூட்டிப்போகிறார். இன்னொரு ராத்திரி இரண்டு மணி வராது என்று யார் உத்தரவாதம் தருவது? அதற்கு அவர் கட்டுகிற பிரீமியம்தான் இந்த மாதம் 600.

இதற்கு என் பிரேக் ஈவன் பாயின்ட் பதில் சொல்லாது. ஆனால் ஒன்று கேட்டேன். "மாமா, பயம் நியாயம்தான். ஆனா வண்டி வழியில எதனால நிக்கும்னு யோசிச்சீங்களா? ஆக்டேன் கம்மின்னா நிக்கும்?"

ஆல்டோவின் புத்தகத்தை எடுத்தோம். டாஷ்போர்டில் உறையே பிரிக்காமல் பத்திரமாக இருந்தது. சாதா பெட்ரோலே தாராளமாகப் போதும் என்று அதில் போட்டிருந்தது. பிறகு இருவருமாக வண்டியைத் திறந்து பார்த்தோம்.

பாட்டரிக்கு நாலரை வயசு. ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்தறுப்பதற்கென்றே காத்திருக்கிற வயசு. கூலன்ட், குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே. ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தபோது அது என்ன நிறத்தில் பிறந்தது என்றே தெரியவில்லை. அரியலூர் ரோட்டில் தினமும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் சிமென்ட் லாரிக்கும் நடுவே ஓடுகிற வண்டி. தட்டினால் ஒரு திண்ணை பூசலாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பிக்கப் போகும். மாமா தேடிக்கொண்டிருந்த பிக்கப் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக டிக்கி. அரிசி மூட்டை, பழைய பாய், பெரியவரின் வாக்கர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஸ்டெப்னியை அமுக்கினால், அது அப்படியே அமுங்கியது. காற்றே இல்லை. எத்தனை மாதமாக என்பது அந்த டயருக்குத்தான் வெளிச்சம்.

டாங்க்கில் ஸ்பெஷல். டிக்கியில் காற்றில்லாத ஸ்டெப்னி. அந்த ராத்திரி பாடாலூரில் ஓர் ஆணி குத்தியிருந்தால்?

மாமா ஒன்றும் பேசவில்லை. ஸ்டெப்னியைத் தானே உருட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனார்.

★

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஸ்பெஷலில்தான் 95 என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சாதாவும் சத்தம் போடாமல் 95-க்கு வந்துவிட்டது.

ஒரு காலத்தில் நம் நாட்டு சாதா பெட்ரோலுக்கு ஆக்டேன் 88தான். பிறகு 91. இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறதல்லவா, அதனால் 95 என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. எத்தனால் என்பது வேறொன்றும் இல்லை, கரும்பிலும் தானியத்திலும் எடுக்கிற சாராய வகையறாதான். மக்காச்சோளத்துக்குப் பெயர் வாங்கிய பெரம்பலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது நாட்டில் எத்தனாலுக்குப் போகிற தானியங்களில் முக்கியமானது மக்காச்சோளம்.

எத்தனாலுக்கு ஆக்டேன் 108-க்குப் பக்கம். பரம பொறுமைசாலி! ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி அதில் குறைவு. அதனால் ஆக்டேன் ஏறியது, மைலேஜ் இறங்கியது. பத்து சதவிகித எத்தனாலுக்கு வடிவமைத்து இருபதுக்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவிகிதமும், எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்துப் பத்துக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவிகிதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. ஆக்டேன் என்றால் சக்தி என்று இன்னும் யாராவது வாதம் செய்தால், இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம்.

எத்தனாலுக்கு மாற்றாக ஸ்பெஷல் போடலாமா என்றால், 95 என்று விற்கிற ஸ்பெஷலிலும் எத்தனால் உண்டு. நாம் செய்யக்கூடியது வேறு. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ்களையும் வாஷர்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய வண்டிகளில் அவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. லிட்டருக்கு எட்டு ரூபாய் வீதம் கட்டிக்கொண்டே இருப்பதை விட, ஒரு தடவை ஹோஸ் மாற்றுகிற செலவு எவ்வளவோ மேல்.

ஆக, பங்க்கில் அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது பின்னால் அடிக்கிற ஹாரனைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வண்டிக்கு என்ன வேண்டும் என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கிறது. பெட்ரோல் மூடிக்குள்ளும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் 91 போதும் என்று இருந்தால், சாதா. வண்டி நிஜமாகவே 'டக் டக்' என்று இடித்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இன்ஜினுக்குள் கரி படிந்திருக்கலாம், சூடு ஏறலாம், பிளக் போயிருக்கலாம். பெட்ரோலை மாற்றி அதை மூடி மறைக்கக் கூடாது. மைலேஜ் வேண்டும் என்றால் டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், எண்பதுக்கு மேல் விரட்டாதீர்கள். இரண்டுக்கும் காசு கிடையாது.

மாமா இப்போது மிச்சம் பிடிக்கிற 600-ஐ அக்கா ஒரு தனி டப்பாவில் போட்டு வைக்கிறாள். முதல் ஏழு மாதக் காசில் புது பாட்டரி வந்தது. பிறகு ஏர் ஃபில்டர், கூலன்ட். மாதத்தின் முதல் ஞாயிறு ஐந்து டயருக்கும் காற்று. நாலு இல்லை, ஐந்து.

பெரியவரைத் திருச்சிக்குக் கூட்டிப்போகிற நாளுக்கு முந்தின சாயந்திரம் மட்டும் மாமா இன்னமும் ஐந்து லிட்டர் ஸ்பெஷல் போடுகிறார். நான் எதுவும் சொல்வதில்லை. கூடுதல் செலவு 40 ரூபாய். போகிற வழியில்தான் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். திங்கள், வெள்ளிகளில்தான் நடை திறந்திருக்கும். மற்ற நாளில் வண்டியை ஓரம் கட்டி, ரோட்டிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

அந்த 40 ரூபாயை எங்கள் நோட்டில் பெட்ரோல் செலவில் நான் எழுதுவதில்லை. கோயில் செலவு என்று தனியாக ஒரு தலைப்புப் போட்டு எழுதிவிடுகிறேன்.